ரெட்ருத் வீட்டில் பிறந்த நீராவி வண்டி

வில்லியம் மர்டாக்குக்குப் பகலெல்லாம் சுரங்க வேலை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கும் ராட்சத நீராவி எஞ்சின்களை நிறுவுவார், பழுதானால் சரிசெய்வார். முதலாளிகள் மேத்யூ போல்டனும் ஜேம்ஸ் வாட்டும். வேலை முடிந்து ரெட்ருத் ஊரிலிருந்த வீட்டுக்கு வந்தபின் தனக்கென்று அவர் ஒரு சின்னஞ்சிறு எஞ்சினைச் செய்தார். 1784 வாக்கில் அது தன் சொந்த விசையிலேயே ஓடும் வண்டியானது.

ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம். பின்னால் இரண்டு சக்கரங்கள், திருப்புவதற்கு முன்னால் ஒன்று. செம்புக் கொதிகலன், அதன் அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம். பிஸ்டன் நகரும் தூரம் இரண்டு அங்குலம். பிஸ்டன் ஒரு நெம்புகோலை ஆட்ட, அது கிராங்க் வழியாகப் பின்சக்கர அச்சைச் சுழற்றும்.

சிறிதாகச் செய்வது எளிது என்று தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். சிலிண்டர் சிறுக்கச் சிறுக்க, உள்ளே அடங்கும் நீராவி குறையும் வேகத்தில் அதன் சுவர்ப்பரப்பு குறைவதில்லை. வந்த நீராவி வேலை செய்யும் முன்பே குளிர்ந்து நீராகிவிடும். மர்டாக் சிலிண்டரைக் கொதிகலனுக்குள்ளேயே இறக்கிப் பொருத்தினார். சுற்றிலும் சூடு இருந்ததால் சிலிண்டர் குளிரவில்லை. அந்த ஓர் அமைப்பிலேயே அவருடைய கைத்தேர்ச்சி முழுவதும் தெரிகிறது.

வாட்டின் எஞ்சின்களில் நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலனும் குளிர்நீரும் வேண்டும். அத்தனையையும் ஒரு வண்டியில் ஏற்ற முடியாது. மர்டாக் குளிர்கலனையே விட்டுவிட்டார். நீராவியின் அழுத்தமே பிஸ்டனைத் தள்ளியது. வேலை முடிந்த நீராவி காற்றில் கலந்தது. உயர் அழுத்த நீராவி என்றாலே கொதிகலன் வெடித்துவிடும் என்று வாட் அஞ்சினார். ஆனால் விட்டம் குறைந்தால் அதே தகடு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும். பெரிதாகச் செய்யத் துணியாததைச் சிறிதாகச் செய்து பார்க்க முடிந்தது.

ஓர் இரவு தேவாலயத்துக்குப் போகும் பாதையில் இந்த வண்டி நெருப்பும் புகையுமாகப் பாய்ந்து வந்ததைக் கண்ட பாதிரியார், சாத்தானே வருகிறான் என்று அலறியதாக ஊரில் ஒரு கதை உண்டு.

1786இல் காப்புரிமை பெறும் எண்ணத்தோடு மர்டாக் லண்டனுக்குக் கிளம்பினார். எக்ஸிடர் அருகே எதிரே வந்த போல்டன் அவரிடம் பேசி, கார்ன்வாலுக்கே திருப்பி அழைத்துப் போனார். ட்ரூரோவில் ஒரு பெரிய கூடத்தில், கணப்படுப்பின் கரித்துடுப்பையும் கிளறுகம்பியையும் இடுக்கியையும் சுமந்தபடி வண்டி சுற்றிச்சுற்றி ஓடியதைப் போல்டனே வாட்டுக்குக் கடிதத்தில் எழுதினார். ஓடும் என்பது கண்முன்னே நிரூபணமான பிறகும் நிறுவனம் அந்த வழியில் போகவில்லை. நல்ல தொழிலாளி சுரங்க வேலையை விட்டுவிடக் கூடாது என்பதே முதலாளிகளின் கவலை.

ஆயினும் அந்தக் கருத்து ரெட்ருத்தை விட்டுப் போய்விடவில்லை. 1797-98இல் பொறியாளர் ரிச்சர்ட் ட்ரெவிதிக் மர்டாக்கின் வீட்டுக்கு அருகில் குடியிருந்தார். 1800இல் வாட்டின் நீராவி எஞ்சின் காப்புரிமை காலாவதியாகி, மற்றவர்களுக்கு வழி திறந்தது. 1801 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், பக்கத்து ஊரான கேம்போர்னில், உயர் அழுத்த நீராவியால் ஓடும் ட்ரெவிதிக்கின் பெரிய வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது. 1804இல் அவருடைய ரயில் எஞ்சின் வேல்ஸில் 10 டன் இரும்பை இழுத்தது.

மர்டாக்கின் மாடல் பல ஆண்டுகள் குடும்பத்தாரிடம் இருந்து, பின் பர்மிங்காம் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. இன்று அங்குள்ள திங்க்டேங்க் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டுப் பட்டறையில் கடைசல் எந்திரத்தின் முன் நின்று மாடல் எஞ்சின் செய்கிறவர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று யாராவது சொன்னால், இந்த வண்டியைக் காட்டலாம். சம்பளம் தரும் நிறுவனம் வேண்டாமென்று ஒதுக்கிய சரியான வழியை, மர்டாக் தன் சொந்த நேரத்தில், சொந்தக் கையால் செய்து ஓட்டிக் காட்டினார்.