ஒரு நாள் வித்தியாசம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் பன்னிரண்டு மீன்கள். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். மேலே மின்சார விளக்குப் போல் ஒரு நீலக் கோடு. அதன் கீழே உடல் முழுதும் குங்குமச் சிவப்பு. ஒன்று திரும்பினால் பன்னிரண்டும் திரும்பும். தனியாக ஒன்றை மட்டும் வாங்கி விட்டால் மூலையில் ஒண்டிக்கொண்டு இரை எடுக்காமல் கிடக்கும். இந்த ஜாதிக்குக் கூட்டம்தான் தைரியம்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒரு நாள் தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு கேட்டான்:

"இதுக்கு என்ன பேர், மாமா?"

"கார்டினல் டெட்ரா."

"அது கடைக்காரர் சொல்ற பேரு. புஸ்தகத்திலே?"

"பாராகைரோடான் ஆக்ஸல்ராடி."

"ஆக்ஸல்ராடின்னா?"

"அது ஒரு மனிதர் பேரடா. ஆக்ஸல்ராட் என்று."

"அவர்தான் இதை முதல்லே பிடிச்சாரா?"

வக்கீல்கள்கூட இவ்வளவு குறுக்காகக் கேட்க மாட்டார்கள். பதிலைச் சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கதையை இதன் தமக்கையிடமிருந்து தொடங்க வேண்டும். நியான் டெட்ரா என்று ஒன்று உண்டு. அதற்கும் அதே நீலக் கோடுதான். ஆனால் சிவப்பு பின்பாதியில் மட்டும். 1930-களில் அகஸ்த் ரபா என்ற பிரெஞ்சுக்காரர் அமேஸான் நதியின் மேற்பகுதியில் இதைக் கண்டு ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தார். பார்த்தவர்கள் பிரமித்துப் போனார்கள். 1936-ல் ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் சில நியான் மீன்களை அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குச் சுமந்து சென்றது. உயிர் தப்பியது ஒன்றே ஒன்று. ஒண்டியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்த லிண்ட்பர்க்கை நினைத்து அதற்கு 'லோன்லி லிண்டி' என்று பெயரிட்டு, சிகாகோவிலுள்ள ஷெட் மீன் காட்சிசாலையில் வைத்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஆகாயக் கப்பல் நியூஜெர்ஸியில் தீப்பிடித்துச் சாம்பலாயிற்று. மீனுக்கு மட்டும் ஆயுசு கெட்டி!

அந்த 1936-லேயே ஜார்ஜ் மையர்ஸ் என்ற மீனியல் அறிஞர் நியானை விஞ்ஞான முறைப்படி வர்ணித்துப் பெயர் சூட்டினார். பெயரின் பிற்பாதி 'இன்னெஸி'. பிலடெல்பியாவில் மீன் வளர்ப்போருக்காக ஒரு பத்திரிகை நடத்திவந்த வில்லியம் இன்னெஸ் என்பவருக்குச் செய்த மரியாதை அது.

இருபது வருஷம் கழித்துத் தங்கை வந்தாள். அதற்குள் அமெரிக்காவில் இன்னெஸுக்குப் போட்டியாக இன்னொரு மீன் பத்திரிகை முளைத்திருந்தது. அதன் அதிபர் ஹெர்பர்ட் ஆக்ஸல்ராட். 1956 பிப்ரவரி 20-ந் தேதியிட்ட அவருடைய பத்திரிகை வெளியீட்டில், ஸ்மித்ஸோனியன் நிலையத்து லெனார்ட் ஷுல்ட்ஸ் இந்தப் புது மீனுக்கு 'ஆக்ஸல்ராடி' என்று நாமகரணம் செய்தார். அதே மையர்ஸ், ஸ்டான்லி வைட்ஸ்மன் என்பவரோடு சேர்ந்து அதே மீனுக்கு 'கார்டினாலிஸ்' என்று பெயரிட்டு, ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் வெளியீட்டில் அச்சேற்றினார். அதன் தேதி பிப்ரவரி 21.

ஒரே ஒரு நாள்!

விலங்குகளுக்குப் பெயரிடுவதில் சட்டம் கண்டிப்பானது. முதலில் அச்சானது எதுவோ அதுவே பெயர். பொருத்தம், அழகு என்ற பேச்சுக்கே இடமில்லை. 'கார்டினாலிஸ்' எவ்வளவு பொருத்தம்! கத்தோலிக்க மதகுருமார்களில் கார்டினல் பதவி வகிப்பவர்கள் அணியும் செவ்வங்கியை அப்படியே நினைவூட்டும் பெயர். வழக்கு சர்வதேச விலங்குப் பெயரீட்டுக் கமிஷன் வரை போயிற்று. 1957-ல் தீர்ப்பு ஆக்ஸல்ராடி பக்கமே கிடைத்தது. தோற்ற பெயர் கடைக்காரர்களின் வாயில் மட்டும் பிழைத்திருக்கிறது.

ஆக, உலகத்துக் கண்ணாடித் தொட்டிகளில் மிகப் பிரசித்தமான இரண்டு மீன்கள் இரண்டு பத்திரிகை அதிபர்களின் பெயரைச் சுமந்து நீந்துகின்றன. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் பெயரை ஒரு கொசுவுக்காவது வைத்தார்களா என்று நான் கேட்கப் போவதில்லை. காட்டுக்குப் போய்வந்த ரபாவுக்கும் பிற்பாடு, 1941-ல், ஒரு மீன் கிடைத்தது: தொட்டியின் அடியில் மணலைக் கிளறும் ஒரு சின்னக் கெளுத்தி! ஆக்ஸல்ராடோ பெரும் பணக்காரராகி, 2005-ல் வரி வழக்கொன்றில் சிறைத்தண்டனை பெற்று, 2017-ல் காலமானார். மீனின் பெயருக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

பையன் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. முதலில் பிடித்தது யார்?

பிரேஸில் தேசத்தில் ரியோ நெக்ரோ என்று ஒரு மகா நதி. கறுப்பு நதி என்று அர்த்தம். காட்டுச் சருகுகளின் சாறு இறங்கி அதன் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். அதன் கரையில் பார்ஸெலோஸ் என்ற ஊர். அங்கே இந்த மீனுக்கு ஆக்ஸல்ராடும் தெரியாது, கார்டினாலும் வேண்டாம். பொடிமீன் என்பதுபோல் 'பியாபா' என்பார்கள். அதைப் பிடிக்கிறவர்கள் 'பியாபெய்ரோ'க்கள். வெள்ளம் புகுந்த காட்டுக்குள் சிறு தோணியில் போய், துடுப்பால் மெல்ல விரட்டிக் கைவலைக்குள் கூட்டத்தைச் செலுத்துவார்கள். பிறகு படகில் மனாஸ் நகரத்துக்கு, அங்கிருந்து விமானத்தில் உலகமெங்கும். ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் போன காலம் உண்டு. இவ்வளவு பிடித்தும் மீன் அற்றுப் போகவில்லை. கோடையில் குட்டைகள் வற்றும்போது இவற்றில் பெரும்பாலானவை எப்படியும் மடிந்துவிடும். மழையில் மறுபடி பெருகும். மீன் விற்றுப் பிழைக்க முடிகிறவரை ஊரார் காட்டை வெட்ட மாட்டார்கள் என்று கணக்கிட்டு, 1989-ல் லாபிஷ் சாவ் என்ற அறிஞர் அங்கே பியாபா திட்டத்தைத் தொடங்கினார். மீனை வாங்குவதே காட்டுக்குச் செய்யும் உபகாரம் என்பது அவர்கள் கட்சி. பார்ஸெலோஸில் மீன் திருவிழாகூட உண்டு. ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆட்டபாட்டத்தில் மோதும். ஒரு கட்சியின் பெயரே கார்டினல்.

நியான் மீனைப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கவைக்கும் வித்தை வெகு காலத்துக்கு முன்பே கைவந்துவிட்டது. கார்டினலுக்கும் பிறகு அது வந்தது. தோணிக்காரர்களின் வியாபாரம் இறங்கிவிட்டது.

என் பன்னிரண்டும் பண்ணைக் குழந்தைகள்தாம். கறுப்பு நதியை அவற்றின் பாட்டிகூடப் பார்த்திருக்க மாட்டாள். சென்னைக் குழாய்த் தண்ணீரின் கடுமை அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், தெருமுனை வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலைகளைப் பொறுக்கி, அலம்பித் தொட்டியில் போடுகிறேன். "வாசலில் பெருக்கித் தள்ளுகிற சருகையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவருகிறீர்களே!" என்பாள் என் மனைவி. இரண்டு நாளில் தண்ணீர் தேநீர் நிறமாகும். மீன்கள் இன்னும் சிவக்கும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பையன், "அப்போ பிடிச்சவங்க பேரு என்ன, மாமா?" என்றான்.

எந்தப் புஸ்தகத்திலும் அச்சாகாத பேரை எப்படிச் சொல்வது? இலை பொறுக்க அவனையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன்.