ஆறாவது சிக்கல்

1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பல் மருத்துவத்துக்கென்றே தனிக் கல்லூரி ஒன்று தோன்றியது. ஒரு துறை தழைக்க அது வழிவகுத்தது. வாய் வேறு, உடல் வேறு என்ற எண்ணமும் அதனுடன் வேரூன்றியது. நீரிழிவு ஒரு மருத்துவரிடமும் ஈறுநோய் இன்னொருவரிடமும் சென்றன.

அந்தப் பிளவை இணைக்க முயன்றவர்களுள் ஒருவர், நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ. அவரது குழு 1970 முதல் 1985 வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் 480 ஆண் தொழிலாளரை ஆராய்ந்தது. பல் துலக்கும் பழக்கமும் பல் மருத்துவமும் எட்டாத அம்மக்களுள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு ஈறுநோய் விரைந்து முற்றியது. 11 விழுக்காட்டினருக்கோ ஈறு வீக்கத்தைத் தாண்டவேயில்லை. பல்லில் படிந்த அழுக்கு மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை, உடலின் எதிர்ப்புத் திறனுக்கும் அதில் பங்குண்டு என்பது தெளிவாயிற்று.

அந்தத் திறனைக் குலைப்பவற்றுள் நீரிழிவும் ஒன்று. அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடையே நடந்த ஆய்வுகள், நீரிழிவு உள்ளோரின் ஈறுகளும் பல்லைத் தாங்கும் எலும்பும் மிகுதியாகச் சிதைவதைக் காட்டின. கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக்குழாய், ஆறாத புண் ஆகிய ஐந்தனோடு ஈறுநோயையும் சேர்த்து, நீரிழிவின் ஆறாவது சிக்கல் என்று 1993இல் லோ எழுதினார்.

உறவு ஒருவழிப்பட்டதன்று. முற்றிய ஈறுநோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈறுக்குச் செய்யும் சிகிச்சை அதை ஓரளவு தணிக்கிறது. ஆயினும் நீரிழிவுக்காரரின் கண்ணையும் காலையும் தவறாது பார்க்கும் மருத்துவர்களுள் எத்தனை பேர் வாயைத் திறக்கச் சொல்கிறார்கள்? 1840இல் விழுந்த கோடு இன்னும் முழுதாக அழியவில்லை.