அரியணையில் ராக் இசை இல்லை

ராக் இசை மாண்டுவிட்டது என்று ஒரு சாரார் ஒப்பாரி வைக்கின்றனர். இளைஞர்தம் சுவை கெட்டது, கணிப்பொறி வந்து கிடாரைக் கெடுத்தது என்பது அவர்கள் கூறும் காரணம். அமெரிக்க நாட்டு இசை வரலாற்றைப் புரட்டுவோர்க்கோ வேறொரு காரணம் புலப்படும்.

ராக் இசையைப் பெற்றெடுத்தோர் யார்? பருத்திக் காட்டிலே பாடுபட்ட கறுப்பின மக்கள்! அவர்தம் தேவாலயப் பாடலும், புளூஸ் எனும் துயரப் பாடலும் கலந்து பிறந்தது அது. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் எனும் கறுப்பின மாது, 1940களிலேயே மின்சாரக் கிடாரை மீட்டிப் பக்திப் பாடலையே துள்ள வைத்தார். அவரது இசைத்தட்டு ஏறியது எந்தப் பட்டியலில்? பில்போர்டு எனும் வணிக ஏடு, கறுப்பர் இசைக்கெனத் தனிப்பட்டியல் வைத்திருந்தது. ‘இன இசைத்தட்டுகள்’ என்று அதற்குப் பெயர். 1949இல் பெயர் மாறிற்று, பிரிவினை மாறவில்லை. பந்தியிலே தனி வரிசை கண்ட நமக்கு இது விளங்காததா என்ன?

1952இல் பிக் மாமா தார்ன்டன் பதிவு செய்த ‘ஹவுண்ட் டாக்’, மறு ஆண்டு அந்தத் தனி வரிசையிலே முதலிடம் பெற்றது. 1956இல் வெள்ளை இளைஞர் எல்விஸ் பிரெஸ்லி அதையே பாடினார், நாடே ஆடிற்று. (பாடலை இயற்றியோரும் இரு வெள்ளை இளைஞரே, அதையும் சொல்லிவிட வேண்டும்.) அதே 1956இல், ராக் இசை கறுப்பரின் சூழ்ச்சி என்று அலபாமாவில் நிறவெறியர் கூக்குரலிட்டனர். ஏப்ரலில், பர்மிங்காம் மேடையில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோல்மீது பாய்ந்து தாக்கினர். அவரோ மெல்லிசை பாடியவர்! வெறிக்கு இசை இலக்கணம் தெரியுமோ?

இருபது ஆண்டு கழிந்தது. கறுப்பர் இசை என்று இகழப்பட்ட ராக், வெள்ளையர் சொத்தாகிவிட்டது. கறுப்பரும் லத்தீன் மக்களும் ஒருபால் விழைவோரும் வளர்த்த டிஸ்கோ இசையின்மீது ராக் அன்பர்களே பகை பாராட்டினர். 1979 சூலை 12, சிகாகோ பேஸ்பால் அரங்கிலே டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தனர். டிஸ்கோ அல்லாத கறுப்பர் இசைத்தட்டுகளையும் பலர் கொண்டு வந்திருந்தனர் என்று, அன்று அங்கே பணியாற்றிய கறுப்பின இளைஞர் ஒருவர் பின்னாளில் கூறினார்.

இசை அழிந்ததா? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலே, 1973 முதலே, இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளும் ஓர் ஒலிபெருக்கியும் கொண்டு ஏழை இளைஞர் ஹிப்ஹாப் இசையை வளர்த்துக்கொண்டிருந்தனர். கிடார் வாங்கக் காசு எங்கே? பழைய தட்டே அவர்க்குப் பக்கவாத்தியம்!

1991 வரை, கடைக்காரர் வாய்மொழியாகச் சொன்னதே விற்பனைக் கணக்கு. அவ்வாண்டு, விற்கும்போதே எண்ணும் முறை வந்தது. ஊகம் ஒழிந்தது, எண் பேசிற்று. சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. எனும் ஹிப்ஹாப் குழுவின் தொகுப்பு முதலிடம் ஏறியது. மக்கள் கேட்டது ஒன்று, பட்டியல் சொன்னது வேறொன்று என்பது அம்பலமாயிற்று.

2017இல் அமெரிக்கர் கேட்ட இசையில் ஹிப்ஹாப் வகை நூற்றுக்கு 24.5, ராக் 20.8. அரியணை கைமாறிற்று. ராக் மாளவில்லை, 2024இல்கூட ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் பேரரங்குகளில் பாடினர். தலைவர் ஜாகருக்கு அப்போது வயது 80! ஆயினும் இன்றைய இளைஞனின் கோபத்தைக் கூறும் மொழி அதுவன்று.

ராக் இசையாளர்க்கென அமைந்த புகழ் மண்டபம், 1986இல் முதல் வரிசையிலேயே பிரெஸ்லியை ஏற்றது. 1973இல் மறைந்த ரோசெட்டா தார்ப்பை ஏற்றது 2018இல் — ராக் முதலிடம் இழந்த மறு ஆண்டு.