ஓசூர் சாலையில் கார்பரேட்டர்

கார்பரேட்டர் கணக்குப் போடாத கருவி. குறுகிய தொண்டை வழியே காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு, கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை மேலே இழுக்கிறது. காற்று மெலிந்தால் பெட்ரோலும் குறையும். ஆனால் அதே விகிதத்தில் குறையாது: காற்று பத்தில் ஒரு பங்கு குறைந்தால் பெட்ரோல் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் குறைகிறது. சென்னையில் கடல் மட்டத்தில் சரியாக அமைத்த வண்டி, கிருஷ்ணகிரி, சூளகிரி தாண்டி மேடேறி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்து சேரும்போது சுமார் 3,000 அடி உயரத்தில் நிற்கிறது. கலவையில் பெட்ரோல் கொஞ்சம் மிகுந்துவிடுகிறது. வண்டி உடனே நின்றுவிடாது. ஆனால் பிளக் மெல்லக் கறுக்கும், ஐட்லிங் தடுமாறும். வேறொரு சிறு குறை சேர்ந்தால் சிக்னலில் எஞ்சின் அணைந்துபோகும்.

எலெக்ட்ரானிக் சிட்டி 1978-இல் தொடங்கியது. கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், அதன் தலைவர் ஆர்.கே. பாலிகாவின் கனவின்படி, கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் அதை அமைத்தது. அன்று ஓசூர் சாலையில் ஓடிய பெரிய மோட்டார் சைக்கிள்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று திருவொற்றியூரில் செய்த புல்லட்; அதன் கார்பரேட்டர் பிரிட்டனின் அமல் வழி வந்தது. மற்றொன்று மைசூரின் ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து வந்த எஸ்டி. அதில் செக்கோஸ்லோவாகியாவின் யிகோவ் வகை. இரண்டுக்கும் பாகமும் வேறு, பக்குவமும் வேறு. அமலில் மிதவையை (ஃப்ளோட்) அழுத்திப் பெட்ரோலை வழியவிடும் சிறு பொத்தான் உண்டு. குளிர்ந்த காலையில் அதை எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்பதைப் பழகித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எண்பதுகளில் நிலைமை மாறியது. 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1984-இல் அங்கிருந்தே இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100. அடுத்த ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100-உம் ஹீரோ ஹோண்டா சிடி 100-உம் சாலைக்கு வந்தன. இவற்றோடு ஜப்பானின் மிக்குனி, கெய்ஹின் கார்பரேட்டர்களும் பரவின. மிக்குனியின் தொழில்நுட்பக் கூட்டோடு மறைமலை நகரில் யூகால் நிறுவனம் கார்பரேட்டர் தயாரித்தது. மெக்கானிக்குக்கு இது பெரிய விடுதலை. ஒரு மிக்குனியைப் புரிந்துகொண்டவர் பத்து வண்டிகளைத் தொடலாம். ஜெட், நீடில், ஃப்ளோட் எல்லாம் பெங்களூரின் ஜே.சி. ரோட்டில் கிடைத்தன. 1994-இல் இன்ஃபோசிஸ் தலைமையகம் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வந்தது. அதன் பின் வேலைக்கு வந்தவர்களில் பலர் இந்த 100 சிசி வண்டிகளில்தான் வந்தார்கள்.

வண்டி அணைந்துபோகும் குறையை ஓசூர் சாலையின் பட்டறைகள் அணுகிய முறை, எழுதிவைக்கப்படாத ஒரு நல்ல மருத்துவம். எப்போது நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் நின்றால் சந்தேகம் பைலட் ஜெட் மேல் விழும். ஐட்லிங்கில் எஞ்சின் உயிர்வாழ்வது அந்த நுண்ணிய துளையை நம்பித்தான். பெட்ரோல் காய்ந்து பிசினானால் முதலில் அடைபடுவதும் அதுதான். மின்சார ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி அதை நோண்டுவது பட்டறை வழக்கம். நல்ல கைகள் அதைத் தவிர்த்துக் காற்றடித்துச் சுத்தம் செய்தன, துளை ஒரு மயிரிழை பெருத்தாலும் அளவு கெட்டுவிடும் என்பதால். ஆக்ஸிலரேட்டரை முறுக்கியதும் திணறி நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். பத்து நிமிடம் நன்றாக ஓடி, நின்று, சற்று ஓய்ந்தபின் மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பார்கள்: மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தால் டேங்கினுள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்க மறுக்கும். ஐட்லிங் தானாக ஏறி இறங்கினால் கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலான ரப்பர் வெடித்திருக்கலாம். பிளக் நனைந்து வந்தால் ஃப்ளோட் நீடில் தேய்ந்து பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகிறது.

இவை சரியான பிறகே, ஐட்லிங் கலவையில் சேரும் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூவுக்குத் திருப்புளி போகும். மிக்குனியின் பழைய வகையில் அதை மெதுவாக முழுவதும் இறுக்கி, ஒன்றரைச் சுற்று திறப்பது தொடக்கம். எஞ்சின் சூடான பின் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, வேகம் எங்கே உச்சமாகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐட்லிங்கை இறக்க வேண்டும். மீட்டர் எதுவும் இல்லை, அளப்பது காது. பெங்களூரின் உயரத்துக்கு இங்கே ஒரு சிறு திருத்தம் வேண்டும்: சென்னை அளவைவிட ஸ்க்ரூ சற்றுக் கூடுதலாகத் திறக்கும்.

எமிஷன் டெஸ்ட் இந்தக் கலைக்கு ஒரு நெருக்கடியைக் கொடுத்தது. ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு, 2000 மார்ச் 31 வரை செய்த இரு சக்கர வண்டிகளில் 4.5 சதவீதத்தையும் பின் செய்தவற்றில் 3.5 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. பெட்ரோலைக் குறைத்தால் சான்றிதழ் எளிதில் கிடைக்கும். அளவுக்கு மீறிக் குறைத்தால் அடுத்த சிக்னலிலேயே வண்டி நிற்கும். இரண்டுக்கும் நடுவே புள்ளியைப் பிடித்தவரே தேர்ந்த மெக்கானிக்.

அந்தப் புள்ளியைத் தேடும் வேலையை மென்பொருள் எடுத்துக்கொண்டது. 2006-இல் ஹீரோ ஹோண்டா கிளாமர், 2008-இல் ஓசூரின் அப்பாச்சி ஆர்டிஆர் 160 என எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள் வந்தன. காற்றின் அழுத்தத்தையும் புகையில் எஞ்சிய ஆக்சிஜனையும் உணரிகள் அளக்க, பெட்ரோல் எவ்வளவு என்று கணினி முடிவு செய்கிறது. கிருஷ்ணகிரி மேடு அதற்கு ஒரு பொருட்டில்லை. 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புது வண்டிகளில் கார்பரேட்டர் அநேகமாக மறைந்தது. வாகன மின்னணுவில் ஈடுபட்ட கான்டினென்டலின் தொழில்நுட்ப மையமும் எலெக்ட்ரானிக் சிட்டியில்தான் இயங்கியது. திருப்புளியின் இடத்துக்கு ஸ்கேனர் வந்ததை அதன் சுற்றுவட்டாரப் பட்டறைகள் அருகிருந்தே பார்த்தன.

பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. 1996-இல் உற்பத்தி நின்ற ஆர்எக்ஸ் 100-ஐத் தேடி வாங்கிப் புதுப்பிப்பவர்கள் பெங்களூரில் ஏராளம். அவர்களுடைய இன்றைய சிக்கல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருப்பதால் கலவை மெலிகிறது. பெங்களூரின் உயரமோ அதே கலவையைக் கெட்டியாக்குகிறது. ஆக, கடலோரத்தில் இந்தப் பெட்ரோலுக்குத் தேவைப்படும் அளவு திருத்தம் இங்கே தேவைப்படுவதில்லை. ஆனால் எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், பழைய ரப்பரை உப்பவைக்கும். மழைக்காலத்தில் சில வாரம் நிறுத்திவைத்த வண்டி ஐட்லிங்கில் நின்றால், ஏர் ஸ்க்ரூவைத் தொடுமுன் கிண்ணத்தின் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து, தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும்.