கணினியையே பொட்டலம் கட்டி அனுப்பலாமா? 'வர்ச்சுவல் அப்ளையன்ஸ்' என்றால் என்ன?

பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தை நினைச்சுக்குங்க. காலைப் பெரட்டில் எடுத்த பெயர்கள், வெட்டிய குலைகளின் கணக்கு, சம்பளப் பிடித்தம் எல்லாம் செக்ரோல் புத்தகத்தை விட்டுக் கணினிக்கு வந்தாச்சு. ஆனா அங்கே ஐடி ஆள் கிடையாது. கிராணிதான் எல்லாமே.

அந்தச் சம்பள மென்பொருளைப் பொருத்த என்னென்ன வேணும்? சர்வருக்கான லினக்ஸ், தரவுத்தளம், வெப் சர்வர், அதுக்கப்புறம்தான் மென்பொருள். ஒன்றின் பதிப்பு மாறினாலும் மற்றது ஓடாது. அதனால் சில விற்பனையாளர்கள் எல்லாத்தையும் தங்கள் அலுவலகத்திலேயே ஒரு மெய்நிகர் கணினியில் பொருத்தி, அதை அப்படியே ஒரே கோப்பாக்கிக் கொடுக்கிறார்கள். இதுதான் வர்ச்சுவல் அப்ளையன்ஸ். தோட்டத்து சர்வரில் அதைத் திறந்து, நெட்வொர்க் முகவரியைக் கொடுத்தால் வேலை பெரும்பாலும் முடிஞ்சுது.

இது எப்படி முடியுது? 'ஹைப்பர்வைசர்' என்ற மென்பொருள், ஒரே சர்வரைப் பல கணினிகளாகப் பிரித்துக் காட்டும். உள்ளே ஓடும் கணினிக்குத் தன் ஹார்ட் டிஸ்க் நிஜமானது மாதிரித் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் அது வெறும் கோப்பு. கோப்பு என்றால் நகலெடுக்கலாம், அனுப்பலாம், இல்லையா?

பல நிறுவனங்களின் ஹைப்பர்வைசர்களும் புரிந்துகொள்ள ஒரு பொது வடிவம் வேணுமென்று 2007-இல் விஎம்வேர், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் உள்ளிட்டவை 'ஓவிஎஃப்' என்ற வரைவை முன்வைத்தன. நீங்கள் பதிவிறக்கும் 'ஓவிஏ' கோப்பு அந்த வடிவத்தின் ஒற்றைப் பொட்டலம்.

சிக்கல் பிறகுதான். இமேஜ் கட்டிய நாளிலேயே உறைஞ்சு போகுது. உள்ளே இருக்கும் லினக்ஸுக்கு வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகச் சேராது. 2020-இல் ஓர்கா செக்யூரிட்டி நிறுவனம் 540 விற்பனையாளர்களின் 2,218 இமேஜ்களைச் சோதித்தபோது, 4 லட்சத்துக்கும் அதிகமான பாதுகாப்பு ஓட்டைகள் கிடைத்தன. 2021 டிசம்பரில் 'லாக்4ஷெல்' ஓட்டை வெளியானபோது, விஎம்வேரின் சொந்த வீசென்டர் அப்ளையன்ஸும் அதில் சிக்கியது.

இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை: ஒரே இமேஜ் 20 தோட்டங்களுக்குப் போனால், முதல் கடவுச்சொல்லும் 20 இடத்திலும் ஒன்றே. மாற்றலைன்னா, ஒன்றைத் திறந்தவனுக்கு எல்லாமே திறந்த வீடுதான். உள்ளே இருப்பது தொழிலாளர்களின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண்.

சட்டமும் மாறிக்கிட்டே இருக்கும். 2025 பிப்ரவரி 1 முதல், 5 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. அதே ஆண்டு அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இபிஎஃப் கட்டாயம். முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. பழைய இமேஜ் பழைய கணக்கையே போடும், சம்பளச் சீட்டும் தப்பா வரும்.

நல்ல அப்ளையன்ஸில் இரண்டு டிஸ்க் இருக்கும்: மென்பொருளுக்கு ஒன்று, உங்கள் தரவுக்கு ஒன்று. புது இமேஜ் வந்தால் முதலாவதை மட்டும் மாற்றிட்டு, தரவு டிஸ்க்கை மறுபடி இணைக்கலாம். எல்லாம் ஒரே டிஸ்க்கில் கிடந்தால் ஒவ்வொரு முறையும் பல வருஷக் கணக்கை இடம் மாற்றணும். 'ஸ்னாப்ஷாட்' எடுத்தாச்சே என்று நிம்மதியா இருக்காதீங்க. வழக்கமா அதுவும் அதே சர்வரில்தான் இருக்கு. இடி விழுந்தால் இரண்டும் போச்சு. காப்பு நகல் வேறு இடத்தில் இருக்கணும்.

அடித்தளமே மாறவும் செய்யலாம். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிமம் விற்பதை நிறுத்தி, எல்லாத்தையும் சந்தாவாக்கியது. சந்தா வேண்டாமென்று பிராக்ஸ்மாக்ஸ் போன்ற திறந்தமூல ஹைப்பர்வைசருக்குப் போகலாம். ஆனா டிஸ்க் வடிவத்தையும் டிரைவர்களையும் மாற்ற வேண்டி வரலாம், சில விற்பனையாளர்கள் அங்கே ஆதரவு தர மாட்டார்கள். எந்தெந்த ஹைப்பர்வைசரில் ஓடும், திருத்தம் எத்தனை நாளில் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கிட்டு கையெழுத்து போடுங்க.