தேயிலைக்கு அறுவடை நாள் எது?



நெல்லுக்கு அறுவடை நாள் உண்டு. கோதுமைக்கும் திராட்சைக்கும் உண்டு. நம் மலைகளில் விளையும் தேயிலைக்கு அது எந்த நாள்? அப்படி ஒரு நாளே இல்லை. ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவை அதே மலையில் கொழுந்து எடுக்கிறோம். ஆண்டு முழுவதும் அறுவடைதான். நம் தோட்டங்களின் சாமிகளைப் பற்றிப் பேச இதுவே நல்ல தொடக்கம். அதற்கு முன் பழைய கிரேக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

கிரேக்கர்களுக்குத் தானியத்தின் தெய்வம் டிமீட்டர். அவளுடைய மகள் பெர்செபொனியைப் பாதாள உலகின் அரசன் ஹேடீஸ் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் என்ன செய்தாள்? தன் வேலையை நிறுத்தினாள். விதைத்தது முளைக்கவில்லை. மனிதர் பட்டினி கிடந்தார்கள். தெய்வங்களுக்கு வரும் படையலும் நின்றது. கடைசியில் தெய்வங்களின் தலைவன் சியுஸ் இறங்கிவர வேண்டியதாயிற்று. ஆனால் மகள் அங்கே மாதுளை விதை தின்றிருந்தாள். அதனால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு பாதாளத்தில், மீதி தாயிடம் என்று முடிவானது. அவள் திரும்பி வரும்போது பூமி தளிர்க்கிறது. வேலைநிறுத்தம் என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இது அந்நியக் கதையல்ல.

திராட்சைக்கும் மதுவுக்கும் உரியவன் டயோனைசஸ். ஏதென்ஸில் வசந்த காலத்தில் அவனுக்கு எடுத்த விழாவில்தான் கிரேக்க நாடகம் வளர்ந்தது. மதுவின் ஆபத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. இக்காரியஸ் என்பவனுக்கு டயோனைசஸ் மதுவைக் கொடுத்தான். அவன் அதை இடையர்களோடு பகிர்ந்தான். தண்ணீர் கலக்காமல் குடித்த இடையர்கள், நஞ்சு வைத்துவிட்டான் என்று எண்ணி அவனைக் கொன்றார்கள். அவன் மகளும் துயரத்தில் உயிரை விட்டாள். சம்பள நாளில் சாராயக் கடைப் பக்கம் என்ன நடக்கும் என்று அறிந்த லயத்துக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தெரியவந்த இலைநோய் கோப்பியை அழிக்க, மலைகள் தேயிலைக்கு மாறின. தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் கூடவே கொண்டுவந்தார்கள். பொங்கலும் வந்தது. ஆனால் பானையில் பொங்கிய அரிசி அவர்கள் உழைத்த மண்ணில் விளைந்ததல்ல. அவர்கள் விளைவித்ததோ கப்பலேறிப் போனது.

ஆகவே புதிய வேலைக்குப் புதிய சாமிகள் பிறந்தார்கள். தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கு ரோதைமுனி. கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி. அறுவடைக்கு நாள் இல்லாத பயிருக்கு, வெட்டும் நாள்தான் பெரிய நாள். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை செடியை வெறும் குச்சியாக வெட்டுகிறோம். பார்த்தால் செத்த செடி போலிருக்கும். சில வாரங்களில் மறுபடி துளிர்க்கும். பெர்செபொனி திரும்பி வருவதும் இதுவேதான்.

மாசி மாதக் காமன் கூத்தும் இதே சேதியைச் சொல்கிறது. கம்பம் ஊன்றி, ஊரே கூடி, மன்மதன் எரிக்கப்பட்டு, ரதி ஒப்பாரி வைத்து, பிறகு அவன் எழுப்பப்படுகிறான். ஏதென்ஸில் போலவே இங்கும் நாடகம் வழிபாட்டோடு சேர்ந்தே நடக்கிறது. யார் யாரிடம் கற்றார் என்பதல்ல நம் பேச்சு. மண்ணை நம்பி வாழ்பவர்கள் எங்கிருந்தாலும் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள்.

நாம் தொழுவது ஒரே இறைவனை. ஆனாலும் அயலவரின் வரலாற்றை மரியாதையோடு அறிவதால் நம் ஈமான் குறைந்துவிடாது. கிரேக்கக் கதைகளை ‘புராணம்’ என்று ஆர்வமாகப் படிக்கும் நம் பிள்ளைகள், பக்கத்து லயத்துச் சாமியை மட்டும் மூடநம்பிக்கை என்று சிரிப்பது நியாயமா?

ஒரு கடைசிச் செய்தி. ஏதென்ஸுக்கு அருகே எலூசிஸில் டிமீட்டருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இரகசிய வழிபாடு நடந்தது. பெண்களும் அடிமைகளும்கூட அதில் சேரலாம். உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் அந்தச் சடங்கு இன்று யாருக்கும் முழுமையாகத் தெரியாது. டிமீட்டரின் கதையோ பாட்டாக எழுதப்பட்டதால் மிஞ்சியது.

நம் தோட்டங்களில் இரகசியம் எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர்கள் குறைவு. உங்கள் தோட்டத்துக் கவ்வாத்துச் சாமி எந்த மலையில் இருக்கிறார்? காமன் கூத்து கடைசியாக எப்போது நடந்தது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.