மருத்துவமனை வாசலுக்கு வெளியே: கிங் கவுன்டி ஆம்புலன்ஸ் சேவையின் கதை

1960களில் அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் என்றால் நோயாளியைப் படுக்கவைத்து வேகமாக ஓட்டிச் செல்லும் ஒரு வண்டி, அவ்வளவுதான். நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை இறுதிச் சடங்கு நிலையங்களே நடத்திவந்தன என்று 1966இல் தேசிய அறிவியல் அகாதமி வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. ஆளை நீட்டிப் படுக்கவைக்க வசதியான வண்டி அவர்களிடம் இருந்ததே அதற்குக் காரணம். வழியில் இதயம் நின்றுபோனால் வண்டியில் இருந்தவர்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

அதே 1966இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், ஜான் கெடஸ் என்ற இரு மருத்துவர்கள் வேறொரு வழியைத் திறந்தார்கள். மாரடைப்பில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். அப்படியானால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோனால் என்ன? கார் பேட்டரியில் இயங்கிய அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ. அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு மருத்துவரும் செவிலியரும் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு ‘லான்செட்’ இதழில் வெளியான அவர்களது கட்டுரை, வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்டியில் இருக்கும் சியாட்டில் நகரில், ஹார்பர்வியூ மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் லியனார்ட் காப் கையில் கிடைத்தது.

பெல்ஃபாஸ்ட் முறையில் காப் ஒரு பெரிய மாற்றம் செய்தார். ஒவ்வொரு வண்டியிலும் மருத்துவரை உட்காரவைப்பது கட்டுப்படியாகாது. தீயணைப்பு நிலையங்களோ பேட்டைக்குப் பேட்டை இருக்கின்றன. அங்கே இரவும் பகலும் ஆள் உண்டு. தீயணைப்புத் துறைத் தலைவர் கார்டன் விக்கரி இதற்கு முழுமனதோடு ஒத்துழைத்தார். இதயத்துடிப்பு வரைபடத்தைப் படிப்பது, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றுவது, மூச்சுக்குழாயில் குழாய் செருகுவது, மின்னதிர்ச்சி கொடுப்பது என மருத்துவர் கையில் மட்டுமே இருந்த வேலைகளைத் தீயணைப்பு வீரர்கள் கற்றார்கள். 1970 மார்ச் மாதம் ‘மெடிக் ஒன்’ பணிக்கு இறங்கியது. முதல் வண்டி, சுற்றுலா செல்வோர் தங்கிப் பயணிக்கும் பெரிய மோட்டார் வீடு ஒன்றை மாற்றியமைத்து உருவானது. அதன் பருத்த உருவத்தைப் பார்த்து ஊழியர்கள் ‘மோபி பிக்’ என்று பெயர் வைத்தார்கள். தொடக்கத்தில் மருத்துவர்களும் உடன் சென்றார்கள். வீரர்களின் திறமை உறுதியானதும் விலகிக்கொண்டார்கள்.

ஆனால் எவ்வளவு விரைந்தாலும் வண்டி வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். நின்ற இதயத்துக்கு அந்த நிமிடங்களே உயிர். எனவே 1970களின் தொடக்கத்தில் ‘மெடிக் டூ’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு நெஞ்சழுத்தப் பயிற்சி தொடங்கியது. முதலுதவியைச் சாதாரண மக்களிடம் ஒப்படைக்கலாமா என்று பலர் தயங்கிய காலத்தில் இதைத் துணிந்து செய்தது இந்த வரலாற்றின் மிகப் பெரிய முடிவு என்றே சொல்ல வேண்டும்.

1970களில் இந்தச் சேவை சியாட்டிலைத் தாண்டிக் கவுன்டி முழுவதற்கும் படிப்படியாகப் பரவியது. ஒவ்வொரு அழைப்பும் பதிவானதால், எது உயிரைக் காக்கிறது என்று கணக்குப் பார்க்க முடிந்தது. மருத்துவர் மிக்கி ஐசன்பர்க் தலைமையில் 1979இல் வெளியான ஆய்வின்படி, 4 நிமிடத்துக்குள் நெஞ்சழுத்தமும் 8 நிமிடத்துக்குள் முழுச் சிகிச்சையும் கிடைத்தவர்களில் 43 சதவீதத்தினர் பிழைத்தார்கள். அந்த 8 நிமிடம்தான் சிக்கல். முழுப் பயிற்சி பெற்ற ‘பாராமெடிக்’ வீரர்களின் வண்டி எல்லா ஊரிலும் அருகில் இல்லை. அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்ற தீயணைப்பு வீரர்களோ முதலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு 10 மணி நேரக் கூடுதல் பயிற்சி தந்து மின்னதிர்ச்சிக் கருவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன் 100 பேரில் 4 பேர் பிழைத்த பகுதியில், அதன் பிறகு 54 பேரில் 10 பேர் பிழைத்தார்கள். 1980இல் வெளியான இந்த முடிவு, கருவியை அடிப்படைப் பயிற்சி மட்டும் பெற்றவர் கைக்கும் கொடுக்கலாம் என்பதற்கு வலுவான சான்றானது.

1980களின் தொடக்கத்தில் அவசர அழைப்புத் தொலைபேசியை எடுப்பவரும் இந்த வரிசையில் சேர்ந்தார். அழைப்பவரிடம் முதலில் இரண்டு கேள்விகள்: நினைவு இருக்கிறதா? மூச்சு இயல்பாக வருகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், கைகளை எங்கே வைத்து எப்படி அழுத்த வேண்டும் என்று உடனே சொல்லத் தொடங்குவார். ‘இயல்பாக’ என்று கேட்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் குறட்டை போலத் திணறும் மூச்சு ஓரிரு நிமிடம் வரும். வீட்டார் அதை நம்பிச் சும்மா இருந்துவிடுவார்கள். 2000இல் காப் உள்ளிட்டோர் வெளியிட்ட சியாட்டில் ஆய்வு, தொலைபேசி வழியே சொல்லிக்கொடுக்கும்போது வாயோடு வாய் வைத்து ஊதாமல் நெஞ்சை மட்டும் அழுத்தினாலும் பலன் குறைவதில்லை என்று காட்டியது. தயங்கி நிற்பவரைச் செயலில் இறக்க இது பேருதவி.

இதற்கெல்லாம் பணம்? 1979 முதல் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும் தனி வரி. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர்கள் அதைப் புதுப்பிக்க வேண்டும். 1997 நவம்பரில் தேவையான 60 சதவீத வாக்கு கிடைக்காமல் வரி தோற்றது. 1998 பிப்ரவரியில் மீண்டும் வாக்கெடுப்பு வைத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒப்புதல் பெற்றார்கள்.

2013இல், பிறர் கண்முன்னே விழுந்து, மின்னதிர்ச்சிக்கு இணங்கும் வகையில் இதயத்துடிப்பு தாறுமாறானவர்களில் 62 சதவீதத்தினர் கிங் கவுன்டியில் பிழைத்தார்கள். 2008இல் அங்கே தொடங்கிய பயிற்சி அகாதமியில் மற்ற ஊர்களின் ஆம்புலன்ஸ் நிர்வாகிகள் இந்த முறையைக் கற்றுச் செல்கிறார்கள்.